கீழடுக்கில் கிடந்த வேர்

செல்வி அந்த வெள்ளைத் துண்டை எடுத்து முன்பற்களால் ஓரத்தை லேசாகக் கடித்தாள். பக்கத்தில் சாக்கு பிரித்துக்கொண்டிருந்தவளிடம் ஏதோ சினிமாக் கதை பேசியபடியே மென்றாள். பிறகு விரலை நாக்கில் தொட்டு, அந்த ஈர விரலால் துண்டின் முகத்தைத் தேய்த்தாள்.

"இது காளான் இல்லக்கா. வேரு," என்றாள்.

நான் அப்போதுதான் மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த உறை என் கையில் இருந்த நிலை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாதி கழன்று, பாதி மாட்டிக்கொண்டு, எடுப்பதா மறுபடி போடுவதா என்று தெரியாமல்.

இரண்டு வெள்ளைத் துண்டுகள்

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் ஹம்சா இக்காவின் மருந்துச் சரக்குக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி: மூலிகைகளைச் சோதித்து, இது இன்னதுதான் என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. கல்லூரியில் அதற்காகவே படித்தவள். கடையில் என் பெயர் சுசீலா என்பதே பலருக்குத் தெரியாது. 'டெஸ்ட் மேடம்' என்றால்தான் தெரியும்.

சுக்கும் மிளகும் திப்பிலியும் போய்வந்துகொண்டிருந்த கடைக்குள் சீனச் சரக்கு நுழைந்தது அன்றைக்குக் கொஞ்ச காலம் முன்புதான். அக்குபங்சர் ஊசி வைத்தியம் செய்கிறவர்களும் ஆயுர்வேத ரிசார்ட்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். இக்கா வரவழைத்தார்.

அதில் வந்ததுதான் இந்த வெள்ளைத் துண்டு. ஃபூலிங் என்று ஒன்று. பைன் மரத்து வேரில், மண்ணுக்கடியில் கட்டியாக வளரும் பூஞ்சை. தூஃபூலிங் என்று இன்னொன்று. அது ஒரு கொடியின் கிழங்கு வேர். பெயரில் ஓர் எழுத்துத்தான் கூட. சீவிக் காயவைத்தால் இரண்டும் சுண்ணாம்புச் சில்லு மாதிரி வெளுப்பாகக் கிடக்கும். ஒன்று கேட்டவருக்கு மற்றது போய்விட்டால் மருந்தே மாறிவிடும்.

நான் எப்படிப் பிரிப்பேன்? அயோடின் ஒரு சொட்டு விடுவேன். வேரில் மாவுச்சத்து உண்டு, கருநீலமாகும். பூஞ்சை செம்பழுப்பாகும். பிறகு பொடித்து, கண்ணாடியில் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எழுதி, தேதி போட்டு, கையெழுத்து. அரைமணி நேரம்.

செல்விக்கு ஒரு கடி போதும். பூஞ்சை பல்லில் ஒட்டும். வேர் ஒட்டாது, ஈர விரலால் தேய்த்தால் வழவழக்கும்.

அன்றைக்கு என் அயோடின் சொட்டு கருநீலமாகத்தான் ஆனது. அவள் சொன்னதுதான் சரி. மூட்டையின் மேல் ஒட்டியிருந்த சீட்டு தப்பு.

பட்டை என்ற வேர்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். நம் நாட்டு மருந்துக் கடைகளில் பரங்கிப்பட்டை என்று விற்கிறார்களே, அது இந்தத் தூஃபூலிங்கின் தாயாதி. பெயர்தான் பட்டை. உண்மையில் கிழங்கு. கொச்சிக்காரர்கள் சீனப்பாவு என்பார்கள். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து இந்தக் கரையில் இறங்கியது. பரங்கி என்று தமிழில் பெயர் வைத்தவனுக்கு அது சீனாவிலிருந்து வந்தது தெரியவில்லை. பட்டை என்று வைத்தவன் அதை முழுசாகப் பார்த்திருக்கவே மாட்டான்.

மாணவியாக இருந்தபோது இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். அப்பா பாலக்காட்டிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் துணிக்கடையில் நின்றவர். "பேரு வச்சது வச்சாச்சு, இனி நீ மாத்தப் போறியாக்கும்?" என்று சிரித்தார்.

நான் மாற்றத்தான் நினைத்தேன். எல்லாவற்றுக்கும் சரியான பெயரைச் சொல்லும் ஆள் நானாக இருக்க வேண்டும் என்று அந்த வயதிலேயே ஓர் ஆசை. அந்த ஆசை நிறைவேறி, பன்னிரண்டு வருடம் நிம்மதியாக உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றவள் செல்வி.

அவள் வந்த பிறகு

செல்விக்கு ராமநாதபுரம் பக்கம். பினாங்கில் ஒரு சீன மருந்துக் கடையில் ஒன்பது வருடம் இருந்தவள். தரை துடைக்கப் போனவள், மெல்ல இழுப்பறைகளைத் துடைத்து, பிறகு இழுப்பறைகளுக்குள் இருப்பதைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, கடைசியில் தராசு பிடிக்கிறவரை போயிருக்கிறாள். கடைக்காரச் சீன அம்மாளைத் தவுக்கே என்பாள். அக்காள் எறணாகுளத்தில் ஓட்டல் சமையலுக்கு இருந்ததால் அவளும் இந்தப் பக்கம் வந்துவிட்டாள். எங்களிடம் வேர் பொறுக்கத்தான் சேர்ந்தாள்.

என்னைவிட நாலைந்து வயது இளையவள். பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை. சீட்டில் இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் படிக்கவும் தெரியாது.

முதலில் இக்கா வேடிக்கைக்குத்தான் அவளிடம் கேட்டார். துண்டை நீட்டி, "செல்வி, இது எந்தா?" என்பார். அவள் முகர்வாள், கடிப்பாள், சொல்வாள். பிறகு என்னிடம் வந்து, "மேடம், ஒண்ணு நோக்கிக்கோ," என்பார். நான் அரைமணி நேரம் பார்த்துவிட்டு அவள் சொன்னதையே சொல்வேன்.

ஒரு மாதம் போனதும் வேடிக்கை மாறிவிட்டது. வியாபாரிகள் நேராக அவளிடம் போனார்கள். இடப்பள்ளியில் ஊசி வைத்தியம் செய்யும் லீனா டாக்டர் ஒருநாள் நேரில் வந்தார். என் மேசையைத் தாண்டி நடந்துபோய் செல்விக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பேசினார். டாக்டரின் வெள்ளைப் பேன்ட் முழுக்கத் தூசி. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன்.

வீட்டில் ரகசியமாகப் பழகிப் பார்த்தேன். ஒரு டப்பாவில் பூஞ்சை, இன்னொன்றில் வேர். கண்ணை மூடிக்கொண்டு எடுத்து மென்றேன். பல்லில் ஒட்டியதா, ஒட்டியதாக நினைத்தேனா? பாதி தடவை தப்பாகச் சொன்னேன். "என்னடி, சுண்ணாம்பு திங்கிறியா?" என்று கணவர் கேட்டார். வாய் கொப்பளித்துவிட்டு அவரிடம் எரிந்து விழுந்தேன்.

அவளுக்கு என்மேல் எந்தப் பகையும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. கிழங்கும் மீன் குழம்பும் கொண்டுவந்தால் எனக்கு ஒரு கிண்ணம் வைப்பாள். "அக்கா, அந்தக் கண்ணாடில நானும் ஒருவாட்டி பாக்கட்டா?" என்று கேட்டாள் ஒருநாள். லென்ஸ் கெட்டுவிடும் என்றேன். லென்ஸ் கெடாது.

ஒரு பெட்டி ஜின்செங்

மழைக்காலம் முடிகிற நேரம். லீனா டாக்டருக்காக ஒரு பெட்டி ஜின்செங் வந்தது. புது வியாபாரி ஒருவர் வழியாக வந்த சரக்கு. மனிதனைப் போலக் கையும் காலும் விரிந்த வேர்கள், நடுவில் காகிதம் போட்டு இரண்டு அடுக்கு.

செல்வி பெட்டியைத் திறந்து தூசி தட்டினாள். என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, மேல உள்ளது நல்ல சரக்கு. கீழ அடுக்கு சரியில்லன்னு தோணுது. காகிதத்தத் தூக்கிப் பாத்தேன். கழுத்துல தழும்பே இல்ல."

ஜின்செங் வருடா வருடம் தண்டை உதிர்க்கும். உதிர்ந்த இடமெல்லாம் வேரின் கழுத்தில் தழும்பாக நிற்கும். அந்தத் தழும்பு இல்லாமல், அதே மாதிரி தடித்து இருக்கும் ஒரு விஷ வேர் உண்டு. ஜின்செங் என்று அதை விற்றிருப்பதாகப் பாடத்திலேயே படித்திருக்கிறேன்.

"எப்படிப் பாக்கணும்னு எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லலக்கா. கீழ ஒண்ணு எடுத்துப் பாத்துக்கிடுங்கன்னுதான்..."

"நீ போய் உன் வேலையப் பாரு."

எந்தப் பெட்டியானாலும் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். கடையில் இந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான். அன்றைக்கும் என் கை காகிதத்தின் ஓரம்வரை போனது. அடியிலிருந்து எடுத்தால் அவள் சொல்லி எடுத்ததாக ஆகிவிடும். அவள் தூரத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலடுக்கிலிருந்தே ஒரு வேரை எடுத்தேன். சீவினேன். மைக்ராஸ்கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவைக் கொஞ்சம் அழுத்தியே போட்டேன், அவளுக்குக் கேட்கிற மாதிரி.

மத்தியானத்துக்குள் பெட்டி இடப்பள்ளிக்குப் போய்விட்டது.

வளையங்கள்

மறுநாள் காலை என் மேசையில், வெள்ளைப் பீங்கான் சில்லின் மேல், இரண்டாக வெட்டிய ஒரு வேர் இருந்தது.

லென்ஸ் தேவைப்படவில்லை. வெட்டிய முகத்தில் வளையத்துக்குள் வளையமாக, தண்ணீரில் கல் போட்ட மாதிரி விரிந்திருந்தது. ஜின்செங்கில் அப்படி இருக்காது. அந்த விஷ வேரில்தான் இருக்கும்.

செல்வி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சித்தரத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டுமே என்றுதான் இந்த வாரத்துப் பகுதியை இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். முதலில் நான் நினைத்தது, இவள் பெட்டியிலிருந்து வேரைத் திருடியிருக்கிறாள் என்று. இக்காவிடம் சொன்னால் இன்றைக்கே வேலை போய்விடும் என்று. அந்த நினைப்பு ஒரு இனிப்பு மாதிரி வாயில் கொஞ்ச நேரம் இருந்தது. மேசையில் வைத்த சாயா ஆறுகிற அளவுக்கு இருந்தது.

அப்புறம்தான் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது உறைத்தது.

லீனா டாக்டருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நோயாளிக்கு ஊசி வைக்கும்போது எடுக்க மாட்டார். மறுபடி அடித்ததும் வரவேற்பில் இருக்கும் பெண் எடுத்தாள். ஒரு வேரும் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றேன்.

"ஒரு பொதி இன்னலே கொடுத்துப் போயல்லோ மேடம்," என்றாள். நேற்று மாலையே ஒரு பொட்டலம் போய்விட்டது. வைப்பின் தீவில் இருக்கும் ரோசிலி சேச்சி என்ற நோயாளிக்கு. கீழடுக்கா மேலடுக்கா என்று கேட்டேன். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினோம் என்றாள். அவளிடம் எண்ணும் விலாசமும் வாங்கிக்கொண்டேன். ரோசிலி சேச்சியின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினேன். நான் கூப்பிடாமலே செல்வி மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

ஜங்காரில்

ஃபோர்ட் கொச்சி ஜெட்டியிலிருந்து, வண்டிகளையும் ஏற்றிப்போகும் படகான ஜங்காரில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் வைப்பின். வண்டிகளுக்கு நடுவில் நின்றோம். பைக்குகளின் புகையும் தண்ணீரில் மிதந்து அழுகிய பாயல் செடியின் வாடையும். அந்தப் பத்து நிமிடம் போகவே மாட்டேன் என்றது.

"நேத்தே இக்காகிட்ட சொல்லியிருக்கலாமே நீ," என்றேன். அந்த நேரத்திலும் அவள்மேல் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட வேண்டும் எனக்கு.

செல்வி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. நான் போய்ச் சொன்னா உங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்லக்கா. பினாங்குல அப்படி ஒருவாட்டி தவுக்கேகிட்ட சொல்லிட்டேன். ஒரு ஆளுக்கு வேல போயிருச்சு. ரெண்டு பிள்ளைங்க அவருக்கு. அதான், ஒண்ண எடுத்து வச்சுக்கிட்டேன், காலைல நீங்களே பாத்துக்கிடுவீங்கன்னு." என் பக்கம் திரும்பினாள். "நானும் தப்புப் பண்ணிட்டேன். வாயத் தொறந்து கத்தியிருக்கணும்."

கரை நெருங்கியதும் பைக்குகளுக்கு நடுவில் புகுந்து நான் முன்னால் போய் நின்றேன்.

ரோசிலி சேச்சியின் வீடு சர்ச்சுக்குப் பின்னால் இருந்தது. வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. சேச்சி அடுக்களைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். பக்கத்தில் வாந்தி எடுத்த வாளி. காலையில் கோழிச் சாறில் அந்த வேரைப் போட்டு வேகவைத்து ஒரு கிளாஸ் குடித்திருக்கிறார். அடுப்பில் மீதி இன்னும் சூடாக இருந்தது.

"வயறு கத்துன்னு மோளே," என்றார், யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று தெரியாமல். வயிறு எரிகிறதாம்.

செல்வி அவரைத் தூக்கி நிறுத்தினாள். நான் மீதி வேரையும் சாறையும் ஒரு தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த இளம் டாக்டர், "என்ன குடித்தார்?" என்று கேட்டார். வேரின் தாவரப் பெயரைச் சொன்னேன், அது உடம்பில் என்ன செய்யும் என்று சொன்னேன், தூக்கைக் காட்டினேன். அவர் உடனே வேலையை ஆரம்பித்தார். என் படிப்பு அன்றைக்கு உபயோகப்பட்டது அந்த ஒரு நிமிடம்தான்.

சேச்சி கட்டிலில் படுத்துக்கொண்டு செல்வியின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. ஊசி போட்டபோதும் விடவில்லை. நான் கால்மாட்டில் தூக்கோடு நின்றேன். வாளியைக் கழுவிக்கொண்டு வந்தேன். எத்தனை முறை வந்தாலும் சேச்சியின் கண் செல்வியின் மேலேயே இருந்தது. ஒரு மனுஷி சாகக் கிடக்கிறாளோ என்று பயந்துகொண்டு நிற்கும்போதே, அந்தக் கை என் கையைப் பிடித்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

நான் வாய் திறக்காத மூன்று வாரம்

சேச்சி பிழைத்துக்கொண்டார். நான்காம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார். பெட்டி திரும்பி வந்தது, எரித்தோம். அந்த வியாபாரியிடம் சரக்கு எடுப்பதை இக்கா நிறுத்திவிட்டார். லீனா டாக்டர் எங்களிடம் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இக்கா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. "கீழடுக்கு யாரும் நோக்கீல்லே?" என்று மட்டும் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் செல்வி பேசிவிட்டாள்.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சு இக்கா. அக்காகிட்ட நான்தான் சொல்லல. சொல்லியிருந்தா பாத்திருப்பாங்க."

இக்கா என்னைப் பார்த்தார். என் வாய் மூடிக்கொண்டது.

அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்குள் இருந்தது நன்றி இல்லை. நாக்கும் மூக்கும் எனக்கு மேலே என்று இருந்தவள், இப்போது மனசும் எனக்கு மேலே என்று காட்டிவிட்டாளே என்ற எரிச்சல்தான். பொய் சொல்லிக்கூட அவள் என்னை ஜெயித்துவிட்டாள். மூன்று வாரம் அவள் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தேன். அவள் வைத்த குழம்புக் கிண்ணத்தைத் தொடாமல் திருப்பி அனுப்பினேன்.

சேச்சி வந்த நாள்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரோசிலி சேச்சி கடைக்கு வந்தார். நல்ல சேலை, தலைக்கு எண்ணெய், கையில் ஈரம் சொட்டும் பை. நேராகச் செல்வியிடம் போய் அவள் கன்னத்தைத் தடவினார்.

"நீயில்லெங்கில் ஞான் போயேனே மோளே."

இவள் இல்லையென்றால் செத்தே போயிருப்பாராம். பைக்குள் கரிமீன். அன்று காலை பிடித்தது. செல்வி கூச்சத்தோடு என்னைக் காட்டினாள். "சேச்சி, இந்த அக்காதான் ஆட்டோ புடிச்சு ஓடி வந்தாங்க. என்ன வேருன்னு டாக்டருக்குச் சொன்னதும் அக்காதான்."

சேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை.

"அங்ஙனெயோ? வலிய உபகாரம்," என்று என் கையைப் பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் நான் ஆசைப்பட்ட அதே கை. மீன் செதில் ஒட்டி, சொரசொரவென்று, சூடாக இருந்தது. அதை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"சேச்சி," என்றேன். "அந்தப் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டது நானாக்கும். கீழ பாருங்கன்னு இவ சொன்னா. நான் பாக்கல. இவ சொன்னாங்கிறதுக்காகவே பாக்கல."

கிடங்கில் சாக்கு உதறுகிற சத்தம் நின்றது. இக்கா கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். "அக்கா, எதுக்கு இப்ப..." என்றாள் செல்வி.

சேச்சி என் கையை விட்டுவிட்டார். நிதானமாக என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் சுற்றிலும் அடுக்கியிருந்த மூட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இக்காவிடம் கேட்டார்.

"ஹம்சே, அசூயைக்கு இவிடெ மருந்து வல்லதும் உண்டோ?"

பொறாமைக்கு மருந்து. யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும். இக்காகூட. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. சேச்சி சிரிக்கவில்லை. "உண்டெங்கில் ஆத்யம் இவள்க்குக் கொடுக்கு," என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு, பையைச் செல்வியின் கையில் கொடுத்துவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

இக்கா என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இனிமேல் எந்தச் சீனச் சரக்கானாலும் நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்டால்தான் கடையைத் தாண்டும் என்றார். செல்வியை என் மேசைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவள் முதல் தடவை மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தபோது, "அய், பூக்கோலம்லா இருக்கு!" என்று கத்தினாள். பன்னிரண்டு வருடம் பார்த்த எனக்கு அது ஒருநாளும் கோலமாகத் தெரிந்ததில்லை. அதற்கும் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது, மீனைச் சரிபாதியாகப் பிரித்து, வாழையிலையில் சுற்றி என் பைக்குள் வைத்தாள். "இன்னிக்கே வறுத்துச் சாப்பிடுங்கக்கா," என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இனி வாயில்லை.

வீட்டில் மிளகும் மஞ்சளும் தடவி வறுத்தேன். கணவர் இரண்டு துண்டு தின்றுவிட்டு, யார் கொடுத்தது என்று கேட்டார்.

"செல்வி," என்றேன்.

"நல்ல மனுஷி," என்றார்.

கரிமீன் ரொம்ப நன்றாக இருந்தது. கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே, முள் எடுத்து, மிச்சம் வைக்காமல் தின்றேன்.